எரர் வராத கடிதம்

கெடார் கிராமத்தில், தன் பம்ப்செட் கிணற்றில் சின்னதுரை குப்புற மிதந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது.

மதியத்துக்குள் அவருடைய ஒரே மகள் வெண்ணிலா, விழுப்புரத்தில் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயந்தரம் ரிமாண்ட் செய்வதாக இருந்தார்கள். காரணம்... ஒரு பழைய ஃப்ளாப்பி.

கொண்டுவந்தவன் கோபி. செத்தவரின் அண்ணன் மகன். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. கிணற்றடிக்கே கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்த பிறவி. ஃப்ளாப்பியில் சித்தப்பாவின் கடிதம் இருக்கிறதாம். 2001-ல் திண்டிவனத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்ததாம். நாலு ஏக்கரும் கோபிக்கே என்று எழுதியிருக்கிறதாம். நேற்று அதைப் பார்த்த வெண்ணிலா ஆத்திரத்தில் அப்பாவை அடித்துக் கிணற்றில் தள்ளிவிட்டாளாம்.

இன்ஸ்பெக்டர் ஆரோக்கியசெல்வி கொட்டாவி விட்டார்.

"அது அசல் லெட்டர்தான்னு எப்டி நம்பறது?"

கோபிக்கு ஏளனச் சிரிப்பு வந்தது. போலீஸ்காரிக்குப் பாடம் எடுக்கக் கிடைத்த வாய்ப்பை விடுவானா? ஃப்ளாப்பி டிரைவைக்கூட கையோடு கொண்டுவந்திருந்தான். லேப்டாப்பில் செருகி, பைத்தான் மொழியில் நாலு வரி புரோகிராம் தட்டினான்.

"ஃபைல்ல இருக்கறது வெறும் நம்பருங்க மேடம். அத எழுத்தா மாத்தணும். தெரியாதவன் எரர் வந்தா 'இக்னோர்'னு போட்டு எழுத்தையே முழுங்கிடுவான். நான் போடறது யூ.டி.எஃப்-8, அதாவது யூனிகோடு, அதுவும் ஸ்ட்ரிக்ட். ஒரு நம்பரு ஒத்துப்போவலன்னாலும் நின்னுடும்."

என்டரைத் தட்டினான்.

கடிதம் சுத்தமான தமிழில் திரையில் வந்தது. ஒரு எரர் இல்லை.

"எவ்ளோ படிச்சிருக்க!" என்றார் ஆரோக்கியசெல்வி. "போலீஸ் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, நானும் திண்டிவனத்துல டைப் அடிச்சிக்கினுதான் இருந்தேன். 2001-ல அங்க ஏதுடா யூனிகோடு? எல்லாம் பழைய ஃபாண்ட்டு. அதோட நம்பரே வேற. நெசமா அப்ப அடிச்ச லெட்டரா இருந்தா, உன் புரோகிராம் மொத வரிலயே எரர் போட்டு நின்னிருக்கணும்."

கோபி லேப்டாப்பை மூடப் பார்த்தான்.

"நிக்கல. ஏன்னா இத நீ இப்பதான் அடிச்சிருக்க."

வெண்ணிலா எழுந்து வந்து அவனை அறைந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஸ்டேஷனில் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை இருந்தது.

"நிலத்துக்குக் கையெழுத்துதான் கேட்டேன்..." கோபி உளறினான். "சித்தப்பா தரமாட்டேன்னுட்டாரு... கோவத்துல கடப்பாரைய எடுத்துட்டேன்..."

விலங்கு மாட்டும்போதும் அந்த அறிவாளி லேப்டாப்பை விடவில்லை. ஆரோக்கியசெல்வி அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

"உள்ள நெறைய பேரு சும்மாதான் குந்திக்கினு இருக்காங்க. பொறுமையா கிளாஸ் எடு... ஒருத்தனும் பாதில எழுந்து போவ முடியாது."