ஏறுங்க

பக்கவாட்டுக் கதவின் படி ஈரமாக இருந்தது. மழை பெய்து பல நாளாகிவிட்டது. வண்டியின் கண்ணாடியில் புழுதி மாவாகப் படிந்திருந்தது. படி மட்டும் நனைந்திருந்தது. அதுவும் தண்ணீர் கொட்டிய ஈரம் இல்லை. நடுவில் மட்டும் ஒரு கறை, யாரோ அங்கே மோவாயை வைத்து வெகுநேரம் காத்திருந்த மாதிரி. அவன் பழைய துணியால் துடைத்தான். மோந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே துணியை மோந்து பார்த்தான். காது மருந்தும் மூத்திரமும் நனைந்த ரோமமும் கலந்த வாடை. ஒரு பாட்டில் பினாயில் முழுவதையும் ஊற்றி அவன் கழுவித் தள்ளிய அதே வாடை.

"என்ன பண்றீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. தூசி."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அவன் ஒன்பதை எப்போதோ தாண்டியிருந்தான்.

டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார் வேலை அவனுக்கு. அடுத்தவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே பாதி ஆயுள் போய்விட்டது. ஒரு தடவையாவது தானே ஓட்டிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டும் என்ற ஆசையில், பேக்கரிக்காரர் ஒருவர் கழித்துக் கட்டிய ரொட்டி வண்டியை வாங்கி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி அதை வீடாக்கினான். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு நீண்ட லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டார்கள். கூடவே நாய்கள் இரண்டு. சின்னவன் வாண்டு. மூத்தவர் பெரியவர்.

கல்யாணமாகி அவள் வந்தபோது பெட்டியோடு பெட்டியாக வந்தவர் பெரியவர். மாமனார் இல்லாத குறையைத் தீர்க்க வந்தவர் என்று அவன் கேலி செய்வான். குட்டியிலேயே அவர் உட்காரும் தோரணையைப் பார்த்து அந்தப் பெயர் வந்தது. பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவர் தூங்குகிறாரா என்றுதான் வீட்டில் பேச்சு. 'ஏறு' என்றால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். 'ஏறுங்க' என்றால்தான் வண்டியில் ஏறுவார். அதைச் சொல்லும்வரை படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவுத் தகரத்தில் வாலால் தட்டிக்கொண்டே காத்திருப்பார். அப்படிப் பழக்கியது அவன்தான். அவள் 'ஏறுங்க' என்று கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் அவனும் பெரியவரும் சேர்ந்தே எழுந்து நிற்பார்கள். அதற்கு அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

முந்தாநாள் விடியற்காலையில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பெரியவர் மறுபடியும் மெத்தையை நனைத்திருந்தார். அவள் தூக்கக் கலக்கத்திலேயே எழுந்து துடைத்தாள். அவருக்குப் பின்னங்கால் சுத்தமாக விழுந்துவிட்டது, போதும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். ஓட்டிக்கொண்டிருந்த அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை வருஷத்து ஆசை. மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரங்கட்டி, பெரியவரைத் தூக்கி வெளியே விட்டான். அவர் மெல்ல நகர்ந்து, காரியத்தை முடித்து, படிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். டொப். டொப். அவன் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினான். முன்னால் போய் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கிளப்பினான். பெரியவர் துரத்தவில்லை. கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டே போனார், உட்கார்ந்த இடத்திலேயே. சொல்லாமல் எப்படி எழுந்திருப்பார்?

வெகுதூரம் தள்ளி, ஒரு காட்டோரத்தில் நிறுத்தி அவளை எழுப்பி, முயல் எதையோ பார்த்து ஓடிவிட்டார் என்றான்.

"நிக்கவே முடியலையே அவருக்கு. எப்படி ஓடினாரு?"

அவள் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். அன்றும் மறுநாளும் பொழுது சாயும்வரை அந்தக் காட்டில், பெரியவர் காலே வைக்காத அந்த மண்ணில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். அவளுக்குத் தொண்டை கட்டியதும் அவன் கூப்பிட்டான். கையைக் குவித்து வைத்து, நிஜமாகத் தேடுகிறவனைப் போல, இன்னும் சத்தமாக. அதை நினைத்தால் இப்போதும் காதோரம் சுட்டது. விட்டுவிட்டு வந்ததைக்கூட ஆத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளைக் கூப்பிடவிட்டு, கூடவே தானும் கூப்பிட்டானே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். வீட்டுக்குப் போகும் சாலை அந்த பெட்ரோல் பங்க் வழியாகத்தான் போகிறது.

திரும்பும் வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் படி நனைந்திருந்தது. வாண்டு அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை; முன்கதவு வழியாகக் குதித்து, முன்கதவு வழியாகவே ஏறினான். டீக்கடை வாசலில் வண்டியின் சூடு ஆறும்போது, இரும்பு சுருங்கும் கிறீச்சுகளுக்கு நடுவே, வெளித்தகரத்தில் மெத்தென்று ஒன்று பட்டுப் பட்டு விலகும் ஒலியை அவன் கேட்டான். டொப். கொஞ்ச நேரம் கழித்து, டொப். ஏதோ கயிறு காற்றில் ஆடுகிறது என்று சுற்றிப் போய்ப் பார்த்தான். கயிறும் இல்லை, காற்றும் இல்லை. அவள் டம்ளரை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவன் இரண்டு முறை தவறான கியரைப் போட்டதும், அவளே சாவியை வாங்கிக்கொண்டாள். வெயில் இறங்கியதும் தரையிலிருந்து பனி கிளம்பியது. முதலில் பள்ளங்களில் பால் கொட்டியதுபோல் கிடந்தது, பிறகு சாலையோரத்து மரங்களின் இடுப்புவரை ஏறியது, பிறகு ஹெட்லைட் வெளிச்சத்தையே விழுங்கிக்கொண்டு வண்டியின் மூக்குக்கு முன்னால் சுவராக நின்றது. நல்லதாயிற்று என்று நினைத்தான். இந்தப் பனியில் பங்க் கண்ணிலேயே படாது. தெரியாமலே தாண்டிவிடலாம். அப்படி நினைத்ததற்காக அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வாண்டுவுக்குத் தெரிந்தது. ஊளையிட ஆரம்பித்தான், பின் கண்ணாடியைப் பிறாண்டினான். அவள் வண்டியை நிறுத்தினாள்.

பனிக்குள் பங்க்கின் கூரை. துருப்பிடித்த பம்பு. காய்ந்த சருகு.

"இங்கதானே?" என்றாள். சாலையைப் பார்த்துக்கொண்டே.

அவன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, படியை மிதிக்காமல் தாண்டி இறங்கினான். டார்ச் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகவில்லை. பம்புக்குக் கீழே சருகு வட்டமாக அழுந்திக் கிடந்தது. ஒரு உடம்பு சுருண்டு படுக்கும் அளவு. அதில் நரைத்த ரோமம். உடம்பு இல்லை. யாராவது நல்லவர்கள் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். குனிந்து சருகில் கை வைத்தான்.

சூடாக இருந்தது.

அவன் ஓட்டமும் நடையுமாக வண்டிக்குத் திரும்பினான். கதவு திறந்தபடி இருந்தது, உள்விளக்கு எரிந்தது, அவள் பின்தலை மட்டும் தெரிந்தது. இனி முடியாது. இதைச் சொல்லாமல் இந்தப் படியில் ஏற முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னான்.

"ஓடலம்மா. நான்தான் விட்டுட்டேன். படிகிட்ட உக்காந்துக்கிட்டிருந்தாரு. நான் சொல்லவே இல்ல."

அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு முறை இறங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காலுக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே, தகரத்தில்.

டொப்.

டொப்.

அவன் குனிந்து பார்க்கவில்லை. ஏதாவது சொல்லு, திட்டு, என்று அவள் பின்தலையைக் கெஞ்சினான். அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடாதே.

அலுத்துப்போன குரலில், ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசும் குரலில், அவள் சொன்னாள்.

"ஏறுங்க."

தட்டல் நின்றது.

ஈரமான ஒரு விலா அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது. வண்டி அவன் பக்கமாகச் சாய்ந்தது. ஆள் ஏறினால் எவ்வளவு சாயுமோ, அவ்வளவு. உள்தரையில் நகங்கள். மெதுவாக, பின்னங்கால் இழுபட, முன்பக்கம் நோக்கி. வாண்டுவின் ஊளை பாதியில் அறுந்தது. அவன் ஏறக் காலைத் தூக்கினான். கால் படியில் பதியவில்லை. கதவு தானாக நகர்ந்தது, சத்தமில்லாமல், அவன் அன்றைக்கு இழுத்துச் சாத்திய அதே மாதிரி.

உள்ளே, அவனுடைய இருக்கையில், பெல்ட் மாட்டும் ஒலி. க்ளிக்.

வண்டி நகர்ந்தது.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். வந்தது பேச்சாக இல்லை. கரகரத்த, குட்டையான ஒரு சத்தம். வண்டி சாலைக்குத் திரும்பும்போது முன்ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவன் இடத்தில் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, அவன் உயரத்துக்கு. நரைத்த மூக்கு நேராகச் சாலையைப் பார்த்தது. அவள் கியரிலிருந்து கையை எடுத்து, பார்க்காமலே, அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள்.

சிவப்பு விளக்குகள் பனிக்குள் கரைந்தன. துரத்த வேண்டும் என்று நினைத்தான். பின்னங்கால் எழவில்லை. பம்புக்குக் கீழே சருகு இன்னும் சூடாகத்தான் இருந்தது. வண்டி போன திசையைப் பார்த்தபடி, அவன் அதில் உட்கார்ந்தான்.