ஒரு மணிக்கு எடுத்த ஸ்கேன்

காலையில் நாற்பது ஜிபி காலியாக இருந்த சர்வர், பகல் ஒன்று பத்துக்கு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக இதே கதை. முந்தின நாள் ஒரு நோயாளியின் படங்கள் சேமிக்க இடமில்லாமல் பாதியில் நின்றதும், ஸ்கேன் சென்டரின் டாக்டரம்மா அவனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இன்று காலையிலும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு மணிக்குத் தலையில அடிபட்டவர் ஒருத்தர் வர்றார். இன்னைக்கும் நின்னுச்சுன்னா, நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன் ஒருவன்தான். கன்ட்ரோல் அறையில் தனியாக உட்கார்ந்தான். தரை துடைத்த மருந்தின் நெடி மூக்கில் ஏற, எதிரே கனத்த கண்ணாடிக்கு அப்பால் ஸ்கேன் அறை விளக்கணைந்து இருட்டாகக் கிடக்க, மேஜைக்கடியில் சர்வரின் விசிறி மட்டும் இளைப்பு வந்தவர் போல இரைந்துகொண்டிருந்தது.

அந்த சர்வரில் ஒவ்வொரு மென்பொருளும் கன்டெய்னர் என்கிற தனிப் பெட்டிக்குள் ஓடியது. பழைய பெட்டிகளின் மிச்சம் மீதிதான் இடத்தை அடைக்கிறது என்று நினைத்து, நின்றுபோனவற்றையெல்லாம் மூன்று நாளாக வழித்தெடுத்து அழித்திருந்தான். ஓடுகிறவற்றை இன்றுதான் எண்ணினான். ஐந்து இருக்க வேண்டும்.

ஆறு இருந்தன.

ஆறாவதற்குப் பெயர் இல்லை. உள்ளே மூன்று ஃபோல்டர்கள். நாளுக்கொன்று. மூன்றிலும் ஸ்கேன் படங்கள். எடுத்த நேரம் சரியாகப் பகல் ஒரு மணி. நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

யாரோ சாப்பாட்டு நேரத்தில் வெளியாட்களைக் கூட்டிவந்து திருட்டுத்தனமாக ஸ்கேன் எடுக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? மெஷினை இயக்கத் தெரிந்தவர் இங்கே ஒருவர்தான். அவன் டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கைகூடக் கழுவாமல் அந்த அம்மாள் வந்தார்.

"அக்கா, ஒரு மணிக்கு யாரை உள்ள படுக்க வெச்சீங்க?"

"நல்லா இருக்கே! நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன் தம்பி. மூணு நாளா சாப்பிட்டுட்டு வந்து தொட்டா மெஷின் சுடுது. ஸ்கேன் ரூம் சாவி எங்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு. வேற யாருகிட்ட இருக்கு?"

அவன் கை தன்னையறியாமல் பாக்கெட்டுக்குப் போனது. சாவி இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

படங்களைத் திறந்து காட்டினான். முதல் நாள், நோயாளி படுக்கிற வெறும் மேஜைமேல் பல்வரிசை மட்டும். இரண்டாம் நாள், அதோடு முதுகெலும்பும் விலாவும். இன்று, உச்சி முதல் குதிகால் வரை.

இருபது வருடமாக எலும்புகளையே பார்த்துப் பழகியவர் திரையில் விரலை வைத்தார்.

"மூணும் ஒரே ஆளு. இந்த முன்பல்லைப் பாருங்க, கோணலா இருக்கு. அழிச்சிடுங்க தம்பி. முதல்ல அழிங்க."

பெட்டியை நிறுத்தினான். நின்றது. தானாக எழுந்து மறுபடி ஓடியது. திரும்ப நிறுத்தினான். திரும்பவும் ஓடியது. மூன்றாம் முறை நிறுத்தக்கூட இல்லை. ஓடுகிற நிலையிலேயே, உள்ளே இருந்தவற்றோடு சேர்த்து அழித்தான்.

விசிறி அடங்கியது. நூற்றிருபது ஜிபி காலி.

"அப்பாடா" என்றான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமியது. மேஜை வெளியே வருகிற சத்தம்.

"நீங்க எதையாவது அழுத்தினீங்களா?"

"நான் கைய வெக்கலை தம்பி."

மெஷினின் சுவிட்சுகள் மூடிக்குள் இருந்தன. மூடி பூட்டியிருந்தது. ஸ்கேன் அறைக் கதவும்.

உறுமல் நின்றது. அவர் எச்சில் கையாலேயே சுவரைத் தடவி, உள்ளே விளக்கைப் போட்டார்.

மேஜை முழுக்க வெளியே வந்திருந்தது. காலி. வெள்ளை விரிப்பு. மெத்தையில் ஒரு பள்ளம். தலை. தோள்கள். இரண்டு குதிகால்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை இருந்த பள்ளம் மெல்ல மேலெழும்பிச் சமமானது. பிறகு தோள்கள். இடுப்புப் பக்கம் மட்டும் ஆழமாக, இன்னும் ஆழமாக, அழுந்தியது.