ஹரிதா போட்ட தாளம்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி அடித்தால் போதும், அந்தப் பள்ளிக்கூடம் வேறு ஆளாக மாறிவிடும்.

அதுவரை வாயில் விரல் வைத்திருந்த வராண்டாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கும். மாதா கோயில் பக்கத்து அறையில் பாடல் குழு குரலைச் சரிபார்க்கும். வேப்பமரத்தடியில் கைடு அக்காக்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டு, அதை அவிழ்க்க முடியாமல் ஒருத்தியை ஒருத்தி முறைப்பார்கள். நாடகக் குழுவில் மை மீசை வைத்த ஒரு ராஜா, வசனத்தை மறந்துவிட்டு மந்திரியைக் கிள்ளுவார். தோட்டக் குழுப் பெண்கள் மண்புழுவைப் பார்த்துக் கத்துவார்கள். கத்திக்கொண்டே எத்தனை புழு என்று நோட்டில் எழுதியும் வைப்பார்கள்.

ஏழாம் வகுப்பு ஹரிதாவுக்கு இதையெல்லாம் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. திண்டிவனத்தில் அவள் படித்த பள்ளியில் மணி அடித்தால் வீட்டுக்கு ஓடுவதுதான் வழக்கம். அப்பாவுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் குடும்பம் திருப்பதிக்கு வந்தது. மலையடிவாரத்தில் இருந்த இந்தக் கான்வென்ட் பெண்கள் பள்ளியில் அவள் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது.

எல்லாம் பிடித்திருந்தது. தெலுங்கு மட்டும்தான் காலை வாரியது.

வந்த முதல் வாரமே, தெருவில் கேட்டுக் கற்றுக்கொண்ட தெலுங்கில், கணக்கு டீச்சரிடம் சந்தேகம் கேட்டாள். "நீங்க சொல்லுங்க" என்று கேட்பதாகத்தான் அவள் நினைத்தாள். அவள் வாயிலிருந்து வந்ததோ, "நீ சொல்லு!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். யாரும் கெட்ட மனசோடு சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஹரிதா ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளுக்குள் மூன்று முறை புரட்டிப் பார்ப்பாள். புரட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

அதனால்தான் அவள் பேண்டு குழுவில் சேர்ந்தாள். பாட்டுக்குத் தெலுங்கு வேண்டும். நாடகத்துக்குத் தெலுங்கு வேண்டும். டிரம் அடிக்க எந்த மொழியும் வேண்டாமே!

பேண்டு குழுவின் கேப்டன், பத்தாம் வகுப்பு சபீனா. வெள்ளிப் பூண் போட்ட நீளமான கோலைப் பிடித்து அவள் முன்னால் நடந்தால், பின்னால் வருகிற இருபத்துநான்கு பேரின் முதுகும் தானாக நிமிரும். அவள் யாரையும் அதட்டி ஹரிதா பார்த்ததில்லை. யாருக்காவது கால் தப்பினால், சபீனா பேசாமல் அவள் பக்கத்தில் வந்து நடப்பாள். கால் சரியாகும் வரை நடப்பாள். அவ்வளவுதான்.

ஹரிதாவுக்கு அவள் டிரம் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். மணிக்கட்டைப் பிடித்து, குச்சி எப்படித் துள்ள வேண்டும் என்று காட்டினாள். ஐந்தே வாரத்தில் ஹரிதா மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை சித்தூரில் நடக்கிற பள்ளிகளின் பேண்டு போட்டிக்கு அவள் பெயரும் இருந்தது.

அன்றைய பயிற்சி முடிய ஐந்து மணி ஆனது. எல்லோரும் போய்விட்டார்கள். சபீனாவும் ஹரிதாவும் மட்டும் பேண்டு அறையில் டிரம்களை அடுக்கி வைத்தார்கள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார்.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று ஓடினாள் சபீனா. பாதி வழியில் திரும்பி, "ஹரிதா! தாளம் வெய்யி!" என்று கத்திவிட்டுப் போனாள்.

(பள்ளியில் எல்லோரும் பேசியது தெலுங்குதான். நாம் தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஹரிதாவுக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில்! முதல் முறையாக, யாரும் விளக்காமல், ஒரு முழுத் தெலுங்கு வாக்கியம் அவளுக்குப் புரிந்துவிட்டது. தாளம் என்றால் நம் தாளம்தான். வெய்யி என்றால் போடு. 'தாளம் போடு!'

'இன்னைக்கு மூணாவது அடியில தடுமாறினேன் இல்ல, அக்கா கவனிச்சிருக்காங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்ப உள்ளே போனாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, குச்சிகளை எடுத்து, அணிவகுப்புத் தாளத்தை அடித்தாள். ஒரு தடவை இல்லை, இருபது தடவை. கடைசித் தடவை ஒரு பிசிறும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, வழியெல்லாம் தொடையில் தட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

கதவுக் கொண்டியில் பூட்டு ஒன்று வாயைத் திறந்தபடி தொங்கியது. பார்த்தாள். யாராவது வந்து பூட்டுவார்கள் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிக்கும் முன்பே பள்ளி வேலையாள் ரத்தினம்மாவின் குரல் காதைப் பிளந்தது. அவர் தமிழ்நாட்டு எல்லையோரத்து நகரி ஊர்க்காரர். கோபம் வந்தால் தமிழ்தான்.

"அய்யய்யோ! இன்னா அநியாயம் இது! தொப்பி போட்டுக்கினு குந்தினு கீதே! எறங்குடா கீழே!"

எல்லோரும் ஓடினார்கள். பேண்டு அறையின் கூரை மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. தலையில் பேண்டு குழுவின் சிவப்புத் தொப்பி. அந்தக் குரங்கு ரத்தினம்மாவின் துடைப்பத்தை ரொம்ப மரியாதையோடு பார்த்தது. இறங்கத்தான் இல்லை.

பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அறைக்குள் எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கே குடும்பம் நடத்தியிருந்தன. தொப்பிகளின் வெள்ளைக் குஞ்சங்கள் பிய்ந்து பஞ்சாய்ப் பறந்தன. ஒரு டிரம் படியில் உருண்டு, தோல் நடுவில் கிழிந்து கிடந்தது. அது ஹரிதாவின் தோழி ரேஷ்மாவுடையது.

பேண்டு குழுவைக் கவனிக்கும் சிஸ்டர் இன்னாசம்மா வாசலில் நின்றார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். இப்போது மிகவும் தாழ்ந்திருந்தது.

அவர் வேகமாகப் பேசியதில் ஹரிதாவுக்கு ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. தாளம். யார் தாளம் போடவில்லை என்று கேட்பது போலிருந்தது.

'குரங்கு வந்ததுக்கும் தாளத்துக்கும் என்ன சம்பந்தம்?'

"ரேஷ்மா, சிஸ்டர் ஏன் தாளத்தைப் பத்திக் கேக்கிறாங்க?" என்று காதோடு கேட்டாள். ரேஷ்மா வீட்டிலும் தமிழ்தான்.

"இன்னாடி கேள்வி இது? பூட்டாம வுட்டதாலதான குரங்கு பூந்துச்சு." ரேஷ்மா கொண்டியைக் காட்டினாள். "அதோ தொங்கினு கீது பாரு, அதான் தாளம். தெலுங்குல பூட்டுக்குத் தாளம்னு பேரு."

ஹரிதா திறந்து தொங்கிய பூட்டையே பார்த்தாள்.

தாளம் வெய்யி. பூட்டைப் போடு.

அதற்குள் சபீனா முன்னால் வந்திருந்தாள். "சிஸ்டர், அறையைப் பூட்டுறது என் பொறுப்பு. நான் பார்க்காமப் போயிட்டேன்."

அவள் ஹரிதாவின் பக்கம் திரும்பவே இல்லை.

சிஸ்டர் கையை நீட்டினார். "அப்படின்னா, கேப்டன் கோலை என்கிட்ட கொடு. சித்தூர்ல வேற ஒருத்தி முன்னால நடக்கட்டும்."

சபீனா கோலைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

மதியம் ஹரிதாவின் டப்பாவில் தயிர்சாதம் அப்படியே இருந்தது.

"துன்னலையா? அப்ப குடு," என்று ரேஷ்மா இழுத்துக்கொண்டாள். "உனக்கு இன்னாத்துக்குடி மூஞ்சி இப்படிப் போச்சு? கிழிஞ்சது என் டிரம்மு."

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஹரிதாவுக்குத் தெரியும். சிஸ்டர் திட்டுவார். திட்டைத் தாங்கிக்கொள்ளலாம். சிரிப்பை என்ன செய்வது? பூட்டச் சொன்னால் தாளம் போட்டவள்! பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பெயர் கூடவே வரும். 'நீ சொல்லு' கதையையே இன்னும் யாரும் மறக்கவில்லை.

'அக்காவே பழியை ஏத்துக்கிட்டாங்களே' என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. அந்தப் பக்கத்தின் குரல் இதமாகத்தான் இருந்தது. ஆனால் அதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாலைப் பயிற்சிக்குப் போனபோது சபீனா கடைசி வரிசையில் ஒரு டிரம்மோடு நின்றாள். முன்னால் கோலோடு நின்ற புதுப் பெண் பதறிப் பதறி நடந்தாள். நடுவில் ஆறாம் வகுப்புச் சின்னப்பெண் ஒருத்திக்குக் கால் தப்பியது. உடனே சபீனா வரிசையை விட்டு வந்து, அவள் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். அது இப்போது அவள் வேலையே இல்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. கால் சரியானதும் பேசாமல் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஹரிதா குச்சிகளோடு நேரே சிஸ்டரின் அறைக்குப் போனாள். வார்த்தைகளைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"சிஸ்டர், சனிக்கிழமை சபீனா அக்கா தாளம் போடச் சொன்னது என்னைத்தான்," என்று உடைந்த தெலுங்கில் சொன்னாள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னையா? அப்போ நீ போடலையா?"

"போட்டேன் சிஸ்டர்."

"போட்டியா?"

"இருபது தடவை போட்டேன்."

"இருபது தடவையா! ஒரு கதவுக்கா?"

"கதவுக்கு இல்ல சிஸ்டர். உள்ளே உட்கார்ந்து போட்டேன்."

"உள்ளே உட்கார்ந்து போட்டியா? அப்புறம் எப்படிம்மா வெளியே வந்தே?"

ஹரிதாவின் தெலுங்கு அங்கே தீர்ந்துபோனது. அவள் நாற்காலியை இழுத்து, அதன் பலகையில் குச்சியால் அணிவகுப்புத் தாளத்தை முழுதாக அடித்துக் காட்டினாள். அடித்து முடித்துவிட்டு, "எங்க தமிழ்ல இதுதான் தாளம்," என்றாள்.

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. 'அழுகிறாரோ' என்று ஹரிதா பயந்தாள். அப்போது ஒரு சத்தம் வந்தது. இல்லை, சிரிக்கிறார்! அவள் பின்னாலேயே வந்து வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேண்டு குழு முழுவதும் அதோடு சேர்ந்து வெடித்தது.

அவள் பயந்த சிரிப்பு இதேதான். நினைத்ததைவிடப் பெரிதாகவே வந்தது. காது சூடானது, கன்னம் சூடானது. ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் அவள் அதே இடத்தில்தான் நின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க தெலுங்குலயும் அதுக்குத் தாளம்னுதான் பேரு. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. தப்பு உன்மேல இல்லைம்மா." பிறகு வாசலைப் பார்த்தார். "சபீனா, இவகிட்ட சொன்னேன்னு நீ ஏன் சொல்லலை?"

"மறந்துட்டான்னு நினைச்சேன் சிஸ்டர். வந்து ஆறு வாரம்தான் ஆகுது. எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கணுமா?" சபீனா தலையைச் சாய்த்தாள். "இருபது தடவை அடிச்சான்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே ஆட்டோவை விட்டு இறங்கி வந்திருப்பேன்."

சிஸ்டர் மூலையிலிருந்த கோலை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தா. இனிமே பூட்டைக் கையால காட்டிச் சொல்லு."

எல்லோரும் கைதட்டினார்கள். ஹரிதா மட்டும் நகரவில்லை. இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"சிஸ்டர், ரேஷ்மாவோட டிரம்முக்குப் புதுத் தோல் எப்போ வரும்?"

"சென்னையிலிருந்து வரணும். பத்து நாள் ஆகும்."

"அப்போ சித்தூர்ல அவ என் டிரம்மை வாசிக்கட்டும். அவ மூணு வருஷமா வாசிக்கிறா."

சொல்லிவிட்டு, கையிலிருந்த குச்சிகளை மேஜை மேல் வைத்தாள். சிஸ்டர் அவளைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார்.

ஹரிதா வெளியே வந்ததும் ரேஷ்மா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "பைத்தியம்டி நீ. நாளைக்கு என் டப்பாவை நீ துன்னு."

அந்த வாரம் முழுவதும் தையல் குழுவின் அறையில் விளக்கு எரிந்தது. வெள்ளைக் கம்பளி நூலைச் சுற்றி, வெட்டி, கட்டி, இருபத்தைந்து தொப்பிக்கும் புதுக் குஞ்சம் செய்தார்கள். சுருக்கு அவிழாமல் இருக்க, கைடு அக்காக்கள் வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். ஹரிதா நூல் சுற்றினாள். சுற்றிக்கொண்டே பேசினாள். தப்பாகப் பேசினால் யாராவது சிரிப்பார்கள், திருத்துவார்கள். அவளும் சிரித்துவிட்டு, அடுத்த தப்பைச் செய்வாள்.

சனிக்கிழமை, சித்தூர் மைதானம். வேலியோரம் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம். ஹரிதா தண்ணீர்ப் பைகளோடு முன்னால் இடம் பிடித்து நின்றாள். கை சும்மா இருந்தது. அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

சபீனா கோலை உயர்த்தினாள். கோல் இறங்கியதும் டிரம்கள் முழங்கின. இருபத்துநான்கு வெள்ளைக் குஞ்சங்கள் ஒரே அசைவில் அசைந்தன.

பக்கத்தில் நின்ற சித்தூர்ப் பெண் ஒருத்தி ஹரிதாவின் கையை இடித்து, தெலுங்கில் கேட்டாள். "முன்னால போறாங்களே, அவங்க யாரு? என்னமா நடக்கிறாங்க!"

"எங்க கேப்டன்! சபீனா அக்கா! யாருக்காவது கால் தப்பினா, பக்கத்துல வந்து கூடவே நடப்பாங்க!" என்றாள் ஹரிதா, தெலுங்கில், மூச்சு விடாமல். அதில் எத்தனை தப்பு இருந்ததோ, அவள் எண்ணவில்லை.

"என்ன? கேக்கலை!" என்றாள் அந்தப் பெண், முழக்கத்தில் காதைச் சாய்த்தபடி.

ஹரிதா கையைக் குவித்து வாயருகே வைத்து, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.