தொட்டிக்குள் வெளிச்சம்

அந்த ஒரு புள்ளி மட்டும் அணையவில்லை.

பேராதனையில் பின்னேரம் மூன்று மணிக்கே மழை இருட்டிவிட்டிருந்தது. கூரைத் தகரத்தின் இரைச்சலும், காயாத துணிகளின் வாடையும், தூரத்தில் ஸ்டேஷனுக்குள் நுழையும் ரயிலின் முனகலும் சூழ, சஞ்சீவனி கதிரையை இழுத்துப்போட்டு கணினித் திரையையே பார்த்திருந்தாள்.

அவள் இங்கிருந்தே இணையவழி கண்காணித்த தொட்டி வெளிநாடொன்றில், பூமிக்கடியில் ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தது. கும்மிருட்டு. சுத்தமான தண்ணீர். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தால் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் மலையையும் மனிதரையும் ஊடுருவி வரும். ஒன்றிரண்டு மட்டும் அந்தத் தண்ணீரில் மோதி மினுங்கும். சுவரெங்கும் பதித்த கண்ணாடிக் குமிழ்கள் அதைப் பிடித்துத் திரையில் புள்ளியாகக் காட்டும்.

குமிழ் மாற்ற இறங்கிய அவள் தம்பி அழகமுத்து அதற்குள்தான் மூழ்கிப்போனான். உடலை ஊருக்குக் கொண்டுவந்து மஹியாவை மயானத்தில் எரித்து எட்டு மாதம். எல்லோரும் வேண்டாமென்று சொல்லியும் அவள் இந்த வேலையை விடவில்லை. அவன் கடைசியாக இருந்த இடமாயிற்றே.

இரண்டாவது புள்ளி. பிறகு ஏழெட்டு.

போன் அடித்தது. அந்தத் தொட்டியருகே வேலை செய்யும் கண்டிக்காரன் மோகனராஜ்.

“அக்கா, தெரியுதா? நட்சத்திரமா?”

“வெடிப்புன்னா சில செக்கன்ல அடங்கிரும். இது நாலு நிமிஷமா நிக்குது. தொட்டி மூடி திறந்திருக்கா?”

“பூட்டித்தான் இருக்கு.”

புள்ளிகள் கூடின. ஐந்து விரல். ஓர் உள்ளங்கை. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சுவரைத் தடவித் தடவி நகர்ந்தன, வழி தேடுவதுபோல.

அவள் திரையில் கைவைத்தாள். “முத்து.”

கைகள் நின்றன.

“மூடியத் திற, மோகன்.” போனைக் காதோடு அழுத்தினாள். “இருட்டுல நிக்கிறான்.”

“அன்னைக்கு அவன் கயித்தப் பிடிச்சது நான்தான் அக்கா,” என்றான் மோகனராஜ். “கை வழுக்கிருச்சு.” அழுதான். “திறக்கிறேன்.”

வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் குமிழ்களின் மின்சாரத்தை நிறுத்தினான். வரிசை வரிசையாகத் திரை கறுத்தது.

கைகள் மட்டும் அணையவில்லை.

போனில் இரும்பு உரசும் ஓசை. தண்ணீரில் கனமாக ஏதோ விழும் சத்தம். ஒரே ஒருமுறை.

“மோகன்?”



திரையில் மூன்றாவது கை. நான்காவது. அவை தடவவில்லை; தேடவில்லை. உள்ளேயிருந்து சுவரை அறைந்துகொண்டேயிருந்தன.