ஓரக் குறிப்பு

"பாதிப் பேச்சுல கதவைச் சாத்துற ஆளு நீங்கதானா சார்?"

முத்தையன் நிமிர்ந்தான். வாசலில் ஒரு பெண். பிளாப்பியை முந்தானைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். அது நனையவில்லை... அவள் மழையில் நனைந்திருந்தாள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

திரிபுரசுந்தரி. புதுச்சேரியிலிருந்து வந்தவள். எண்பத்தெட்டு ஐப்பசியில் காரைக்கால் பிறப்புப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவள் அவள். ஃபைலைத் திறந்து, அந்தத் திரைக்குத் தகவலை எடுத்துத் தருவது அவன் புரோகிராம். நேரில் பார்ப்பது இன்றுதான்.

"பேர் வரிசை வருது. ஒரு பேர்ல என்டர் தட்டினா, ஃபைல் மூடியிருக்குன்னு மிஷின் கத்துது."

"பேரைக் குடுத்ததும் ஃபைலை மூடிடுவேங்க. திறந்து கெடக்கறப்ப கரண்ட் போனா ஃபைலே கெட்டுடும்."

"மீதி விவரம்?"

"எல்லாத்தையும் மொதல்லயே கேட்டிருக்கணும்."

"ஆயிரம் பேர் கதையை மொத்தமா ஏத்தினா மிஷின் படுத்துக்கும். வேணுங்கறப்ப வேணுங்கறதை எடுத்தாப் போதாதா?"

"என் புரோகிராம்ல தப்பில்ல."

"என்னுதுலயும் இல்ல. அப்ப மழை மேலதான் தப்பு!"

அவள் கண்கள் சிரித்தன. அவனுக்கு எரிச்சல் வந்தது. மூன்று வருடத்தில் அவனுக்கு வந்த முதல் எரிச்சல்...

பகல் முழுக்க இருவரும் பேசவில்லை. நாலு மணிக்கு அவள் சொன்னாள்: "அஞ்சு மணி பஸ்ல போறேன். முடியலேன்னா நாளைக்கு வேற ஆளை அனுப்புவாங்க."

அவன் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டுச் சொன்னான்:

"கவுன்டருக்கு ஒருத்தர் வந்ததும் ஃபைலைத் திறங்க. அவர் கேட்டு முடிச்சுப் போறவரைக்கும் திறந்தே இருக்கட்டும். போனதும் மூடுங்க. திறக்கறதும் மூடறதும் இனி உங்க திரையோட வேலை. எடுத்துத் தர்றது மட்டும் என்னுது."

அரை மணி நேரத்தில் புரோகிராம் ஓடியது. சோதிக்க அவன் பெயரையே தட்டினாள். பிறந்த தேதி. தந்தை பெயர். பிறகு ஓரக் குறிப்பு. பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே திருமணத்தையும் எழுதிவைப்பது, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அந்த ஊர் வழக்கம். மனைவி லோகாம்பாள். அதன் கீழே, லோகாம்பாள் இறந்த தேதி. மூன்று வருடம் ஆகியிருந்தது.

சுந்தரியின் விரல்கள் நின்றன.

"தெரியாம..."

"யாரும் கேக்கல. நானும் சொல்லல."

மழை விட்டிருந்தது. அவள் பையை எடுத்தாள்.

"சுந்தரி..." அவன் எழுந்தான். "மத்தியானமே வழி தெரிஞ்சுடுச்சு. சொன்னா கெளம்பிடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். இப்ப கேக்காமலே சொல்றேன்... எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு."

பை மெல்லக் கீழே இறங்கியது.

"அடுத்த பஸ் எப்பங்க?"

"ஆறரைக்கு."

"அதுவரைக்கும்... லோகாம்பாளைப் பத்திச் சொல்லுங்க."