அமிலக் கரி

திங்கட்கிழமை பின்னேரம் மூன்று பத்து. அரியாலைக் கடலோரத்தில் இருந்த பயோடீசல் கொட்டிலுக்குள் நுழைந்த ஜெயசுதன், மெதனோல் எரிசாராயப் பரலின் அடியில் காவலாளி கிறகோரி விழுந்து கிடப்பதைக் கண்டான். உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

மூன்று ஐம்பதுக்கு சப் இன்ஸ்பெக்டர் ஜெசிதா வந்தாள். கூட வந்த கொன்ஸ்தாபிள் சீவரத்தினம் வாசலிலேயே முடிவு கட்டிவிட்டார்.

"பழைய குடிகாரன், மிஸ். பரலைத் திறந்து குடிச்சிட்டுப் போய்ச் சேர்ந்திட்டான்."

ஜெசிதா பக்கத்தில் கிடந்த கோப்பையை மணந்து பார்த்தாள். வெறும் தேத்தண்ணி. யன்னலால் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கொட்டிலின் நான்கு லைற்றுகளும் எரிந்தன. இறந்தவரின் கையில் இருந்த ரோச்சும் எரிந்தது.

"லைற்றுகளை நீங்களோ போட்டது?"

"இல்லை மிஸ். காலமை கதவைத் திறந்து அவரை விட்டிட்டு இலுப்பெண்ணெய் எடுக்கப் போனனான். பகலிலை லைற் தேவையில்லை." என்றான் ஜெயசுதன். கொட்டில் அவனுடையது. பழி தன்மேல்தான் விழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மேசையில் ஒரு போத்தல் நிறையக் கரித்தூள் இருந்தது.

"இது?"

"ஊக்கி. பனங்கொட்டைக் கரியைச் சல்பூரிக்கமிலத்திலை பதப்படுத்தினது. அமிலம் கரியோடையே ஒட்டியிருக்கும். எண்ணெயையும் மெதனோலையும் இதோடை சூடாக்கினா டீசல். பிறகு வடிச்செடுத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். தண்ணி பட்டால்தான் வேலை செய்யாது." அவன் ஒரு சிட்டிகை எடுத்து அப்பச்சோடாத் தண்ணீரில் போட்டான். நுரை பொங்கியது. "அமிலம் இருக்கு, பாருங்கோ. ஆனாலும் கடைசி மூண்டு தரமும் எண்ணெய் டீசலாகேல்லை. புதுக் கரி போட்டும் சரிவரேல்லை."

வெளியே கிறகோரியின் மனைவி கத்தரீனா மண்ணில் குந்தியிருந்தாள்.

"இரண்டு வருசமா அவர் தொட்டதேயில்லை, பிள்ளை. மாதா சுருவத்துக்கு முன்னாலை சத்தியம் செய்தவர். காலமை தலையிடி எண்டவர். கண்ணுக்கு முன்னாலை பனிப்புகார் மாதிரிக் கிடக்கெண்டவர். அவ்வளவுதான்."

செவ்வாய் காலை பத்து மணிக்கு வைத்தியர் தொலைபேசியில் சொன்னார்: "மெதனோல்தான். ஆனா குடிச்ச உடனை ஆள் சாகாது. அரை நாள் போகக் கண் மங்கும், பிறகுதான் மற்றது. முதல் நாள் பின்னேரம் குடிச்சிருக்கிறார். திங்கள் காலமை கொண்டு வந்திருந்தா மருந்து குடுத்துக் காப்பாற்றியிருக்கலாம்."

பகலிலும் லைற்றுகளும் ரோச்சும் எரிந்தது ஏனென்று ஜெசிதாவுக்கு விளங்கியது. முதல் நாள் ஞாயிறு. கொட்டில் பூட்டியிருந்தது. பூட்டுத் திறப்பு இணுவிலில், ஜெயசுதன் வீட்டில். அப்படியானால் மெதனோல் அதற்கு முன்னமே வெளியே போயிருக்கிறது. பரலோ நிறைய இருந்தது.

பதினொன்றரைக்கு ஜெசிதா சொல்லி, ஜெயசுதன் பரலில் இருந்து கொஞ்சம் எடுத்து அடர்த்திமானியை இறக்கினான். அவன் முகம் மாறியது.

"கால்வாசி தண்ணி, மிஸ்."

"கரியிலை பிழையில்லை. எடுத்த அளவுக்குத் தண்ணி விட்டிருக்கினம். இஞ்சை பிளாஸ்ரிக் கானோடை வந்து போறது ஆர்?" என்றாள் ஜெசிதா.

"எமில்ராஜ். கிறகோரி அண்ணையின்ரை மருமகன். சாப்பாட்டுக் கடையளிலை பாவிச்ச எண்ணெய் கொண்டுவந்து தாறவன். வெறுங்கானோடை திரும்பிப் போவான்."

பன்னிரண்டரை. குருநகரில் எமில்ராஜின் வீட்டு முற்றத்துக் கொடியில் ஒரு வடிதுணி காய்ந்துகொண்டிருந்தது. மடிப்புகளில் கறுப்புத் துகள்கள்.

"அடுப்புக் கரி, மிஸ். கிணத்துத் தண்ணி வடிக்கிறனாங்கள்."

"அப்பச்சோடா இருக்கோ?"

இரண்டு கிளாஸில் சோடாத் தண்ணீர் கலக்கினாள். ஒன்றில் அவன் அடுப்பிலிருந்து எடுத்த கரியைப் போட்டாள். சும்மா மிதந்தது. மற்றதில் துணியை உதறினாள். நுரை எழும்பியது.

"அடுப்புக் கரி பொங்காது, எமில்ராஜ். இது கொட்டில் கரி. மெதனோலைக் களவெடுத்து இதாலை வடிச்சிருக்கிறாய். கிறகோரிக்குக் குடுத்தது நீ."

கட்டிலின் கீழே பதினொரு போத்தல்கள் இருந்தன, கோயில் பெருநாளுக்குச் சாராயமென்று விற்க. எமில்ராஜ் சுவரோடு சரிந்து இருந்தான்.

"கரி நஞ்சை இழுக்கும் எண்டு நினைச்சன், மிஸ். நான் குடிக்கிறேல்லை. எனக்கு ருசி தெரியாது. மாமாதான் எல்லாச் சாராயமும் அறிஞ்சவர். மாட்டன், சத்தியம் செய்தனான் எண்டு சொன்னவர். நான்தான் கெஞ்சினன். அரைக் கிளாஸ் குடிச்சிட்டு, நல்லாயில்லையடா, இதை விக்காதை எண்டார்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "காலமை அவருக்குத் தலையிடி எண்டு மாமி சொன்னவ. நான் பயத்திலை வாய் திறக்கேல்லை."

பின்னேரம் நான்கு மணிக்கு ஜெசிதா கத்தரீனாவிடம் போனாள். சத்தியம் மீறிய அந்த அரைக் கிளாஸை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. பரலில் களவெடுத்துக் குடித்தவர் என்ற பேச்சை அழிக்க வேறு வழியும் இருக்கவில்லை.

கத்தரீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தலையிடி எண்டேக்கை நான் கேட்டனான், பிள்ளை. குடிச்சனியளோ எண்டு கோவமாத்தான் கேட்டனான். இல்லை எண்டிட்டார். எனக்குப் பயந்து..." அவள் நிமிர்ந்தாள். "ஓம் எண்டு சொல்லியிருந்தா, உடனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பன். காப்பாற்றியிருப்பினமோ?"

வைத்தியர் சொன்னது ஜெசிதாவுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது.

"தெரியாதம்மா," என்றாள்.