இரவல் முத்திரை

புதன்கிழமையாகியும் மை போகவில்லை.

சனிக்கிழமை கிளப் வாசலில் குத்தும் முத்திரை ஞாயிறு குளியலிலேயே பாதி போய்விடும். திங்கட்கிழமை வகுப்புக்குள் மிச்சமும் போய்விடும். அதிலும் இவள் மணிக்கட்டில் இருப்பது அசல்கூட இல்லை, இரவல்.

மாணவர் கைக்கு இரண்டு நுழைவுச்சீட்டு கட்டுப்படியாகுமா? அதனால் அறைத்தோழிதான் முதலில் உள்ளே போவாள். இருக்கிற இடத்தை இரண்டுபடுத்துகிறவள் என்பதால் கல்லூரியே சேர்ந்து அவளுக்கு வாலு என்று பெயர் வைத்திருந்தது. முத்திரை வாங்கிய கையோடு, போன் பேசுகிற சாக்கில் வாலு வெளியே வருவாள். பக்கத்துச் சந்தில், ஷட்டர் இறக்கிய சலவைக்கடை முன்னால், இவள் தன் மணிக்கட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு நிற்பாள். இந்த ஈரத்தை அந்த மைமேல் வைத்து அழுத்த வேண்டும்.

"பத்து எண்ணுற வரைக்கும் எடுக்காதடி. அப்பதான் ஒட்டும்."

எண்ணுவதும் வாலுதான். பத்தானதும் கையை உதறிக்கொண்டு ஓடிவிடுவாள். முத்திரையில் ஒரு ஆந்தை இடது கண்ணைச் சிமிட்டும். இவள் கையில் ஏறுகிற ஆந்தை வலது கண்ணைச் சிமிட்டும். வாசலில் நிற்கிற பவுன்சர் அதையெல்லாம் உற்றுப் பார்க்கிற ஆளில்லை. நீல விளக்கைக் காட்டுவார், ஏதோ மின்னினால் போ என்பார்.

போன சனிக்கிழமை இவள் பத்தில் விடவில்லை.

சாலைக்கு எதிர்ப்பக்கம், கூடப் படிக்கிற நெட்டை காத்துக்கொண்டிருந்தான். வாலுவுக்காக. அவனை முதலில் பார்த்தது இவள், இரண்டு வருடம் ஆய்வுக்கூடக் குறிப்புகளை எழுதிக் கொடுத்தது இவள், வாலுவிடம் கூட்டிக்கொண்டுவந்து அறிமுகப்படுத்திய புண்ணியவதியும் இவளேதான். இப்போது அவன் வாலுவைப் பார்த்துக் கையசைக்கிறான். இவளுக்கு வயிறு எரிந்தது. பூசி மெழுகுவானேன், பற்றி எரிந்தது.

"பத்து," என்றாள் வாலு.

பதினொன்று, பன்னிரண்டு என்று இவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இன்னும் இறுக்கினாள். அந்தச் சிரிப்பு, அந்தத் துணிச்சல், நுழைந்த இடத்தில் எல்லாம் நாற்காலி காலியாகும் அந்த அதிர்ஷ்டம், அவன். எல்லாம் எனக்கே ஒட்டட்டும்.

"ஏய் விடுடி, வலிக்குது," என்று வாலு சிரித்தாள். இருபதில் அந்தச் சிரிப்பு நின்றது. முப்பதில்தான் இவள் கையை விட்டாள்.

இப்போது குளியலறையில், குழாய் சொட்டுகிற சத்தத்துக்கும் ஈரச் சுவரின் பாசி வாடைக்கும் நடுவே, சோப்பு கரையக் கரையத் தேய்த்துவிட்டு மஞ்சள் பல்புக்குக் கீழே கையைத் திருப்பினாள். மை மங்கவில்லை, கறுத்திருந்தது. ஆந்தை இடது கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு மை போயிடுச்சா?" என்று அறைக்குள் வந்து கேட்டாள்.

"அன்னிக்கு ரூமுக்கு வர்றதுக்குள்ளயே போயிடுச்சே." போர்வைக்குள்ளிருந்து வாலுவின் குரல் ரொம்ப மெலிந்து வந்தது. "ஜன்னல மூடேன். குளிருதுடி."

ஜன்னல் மூடித்தான் இருந்தது.

வியாழக்கிழமை கேன்டீனில் இவளைக் கண்டதும் மேஜையே நகர்ந்து உட்கார்ந்தது. "வா வா, நீ இல்லாம போரடிக்குது!" மூன்று வருடமாக வாலுவுக்குச் சொன்ன வரவேற்பு. தட்டோடு பின்னால் நின்ற வாலுவுக்கு யாரும் இடம் விடவில்லை. அவள் நிற்பதே யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் நூலகத்தின் தானியங்கிக் கதவு வாலுவுக்குத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வேறு யாராவது வரட்டும் என்று அவள் காத்து நிற்பதை இவள் உள்ளேயிருந்து பார்த்தாள். எழுந்து போகலாமா என்று நினைத்தாள். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள்.

வெள்ளிக்கிழமை நெட்டை போன் செய்தான். இவளுக்கு. "நாளைக்கு வருவல்ல?"

வாலுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளும் ஞாபகப்படுத்தவில்லை. அன்று முழுக்க இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல இருவரும் நடந்தே போனார்கள். தெருவில் கேட்டது ஒரு ஜோடி செருப்புச் சத்தம்தான். இவள் இரண்டு முறை நின்று பார்த்தாள்; வாலு பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தாள். சலவைக்கடை முன்னால் இவளை நிறுத்திவிட்டுக் கிளப் வாசலுக்குப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"முத்திரை குத்துற அக்கா என்னப் பாக்கவே இல்லடி. நான் காச நீட்டிட்டே நிக்கறேன், எனக்குப் பின்னாடி நிக்கறவன்கிட்ட வாங்கறாங்க." இவள் பக்கம் நெருங்கி வந்தாள். "எனக்கு என்னமோ ஆகுதுடி. பயமா இருக்கு. உன் கைய குடேன், உன்கிட்டேருந்து ஒத்திக்கறேன். பத்தே பத்து எண்ணிக்கறேன்."

வாலு மணிக்கட்டை நாக்கால் நனைத்து நீட்டினாள். தெருவிளக்கின் வெளிச்சம் அந்தக் கையின் மேல் விழுந்தது. விழுந்து, நிற்காமல், கையைத் தாண்டிப் போய்ப் பின்னாலிருந்த ஷட்டரில் விழுந்தது. விரல்களுக்கு ஊடாக ஷட்டரின் கோடுகளை இவளால் எண்ண முடிந்தது.

பத்து எண்ணுகிற நேரம்தான். கையைக் கொடுத்தால் தோழி பிழைப்பாள். மேஜை போய்விடும், போன் போய்விடும், நெட்டை போய்விடுவான்.

இவள் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"நீ ரூமுக்குப் போ. சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"ஏய்..."

இவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீல விளக்கில் ஆந்தை பளிச்சென்று மின்னியது. பவுன்சர் முதல்முறையாகச் சிரித்து வழிவிட்டார்.

உள்ளே வியர்வையும் புகையும் யார் யாரோ பூசிய அத்தரும் சேர்ந்து நெஞ்சை அடைக்க, இசை தரையிலிருந்து ஏறி முழங்கால் வழியாக வயிற்றுக்குள் போய் இடிக்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நெட்டை இவளை நோக்கி வந்தான். இவள் கையைப் பிடித்தான். இந்த ஒரு நொடிக்காக இரண்டு வருடம்! காதருகே குனிந்தான்.

"வாலு, உன் கை ஏன் இப்படிக் குளிருது?"

இவள் சிரித்தாள். தொண்டையிலிருந்து வந்தது வாலுவின் சிரிப்பு. அவன் கண்ணில் தெரிகிறவள் யார், நானா அவளா? எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகும், பாழாய்ப்போன பொறாமை இவளை விடவில்லை.

அறைக்குத் திரும்பும்போது கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பிந்தி வருகிறவள் விளக்கைப் போடக்கூடாது என்பது அவர்களுக்குள் பேச்சு. இவள் போடவில்லை. தெருவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில் வாலுவின் கட்டில் தெரிந்தது. போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணைமேல் சாவி.

"தூங்கிட்டியா?"



இவள் தன் கட்டிலில் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். குழாய் சொட்டியது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு மை வாடை. பக்கத்தில். புத்தம்புதிய மை.

அப்புறம் ஒரு சத்தம். சின்னதாக, ஈரமாக.

நாக்கு தோலை நனைக்கிற சத்தம்.

குளிர்ந்த மணிக்கட்டு ஒன்று இவள் மணிக்கட்டின் மேல் வந்து படிந்தது.

"ஒண்ணு."

காதோரம். மூச்சே இல்லாத குரல்.

இழுத்தாள். கை வரவில்லை. கத்தினாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"ஏழு. எட்டு."

பத்தில் விட்டுவிடும். எப்போதும் பத்தில் விட்டுவிடும்.

"பத்து."

விடவில்லை.

"பதினொண்ணு."

இவளுக்குப் புரிந்துவிட்டது. முப்பது. நான் பிடித்தது முப்பது. முப்பது வரைக்கும் பொறுத்துக்கொண்டால் போதும். பல்லைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இருபதில் குளிர் தோளுக்கு ஏறியது. இருபத்தைந்தில் நெஞ்சுக்கு வந்தது. போனால் போகட்டும். அவளுடையதெல்லாம் அவளுக்கே போகட்டும். எனக்கு என்னுடையது போதும்.

"முப்பது."

கண்ணைத் திறந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கை தலையணைமேல் கிடந்தது. ஆந்தை இல்லை. மணிக்கட்டுக்கு ஊடாகத் தலையணை உறையின் நீலப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பிடி தளரவில்லை.

"முப்பத்தொண்ணு."